ஓய்வா, இளைப்பாறலா? வாய்ட் டெக்கில் ஒரு பலகை

தோ பாயோ வாசி:

சிங்கப்பூர் தோ பாயோவில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில், போன மாதம் பெரியவர்களுக்காக நான்கு பெஞ்சும் இரண்டு மின்விசிறியும் போட்டார்கள். தூணில் நான்கு மொழியிலும் ஒரு பலகை. தமிழில் ‘ஓய்விடம்’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, சந்தியும் சரி. அதற்கே முதலில் சந்தோஷப்பட்டேன்.

அம்மாவுக்கு 82 வயது. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது கீரைப் பையைத் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஓஞ்சு போனவங்க உக்கார்ற இடமாடா? எனக்கு இன்னும் கைகால் ஓயலையே” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்துவிட்டார். இன்றுவரை அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. லிஃப்ட் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அங்கே போய் உட்கார மாட்டேன் என்கிறார்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஓய்தல் என்றால் நின்றுபோதல், தளர்ந்துபோதல். மழை ஓய்ந்தது, புயல் ஓய்ந்தது, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன். உட்கார்ந்து தெம்பு வருவதைச் சொல்ல நம்மிடம் இளைப்பாறு, களைப்பாறு என்று அழகான சொற்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எங்கே பார்த்தாலும் ‘ஓய்வு’, ‘ஓய்வு எடுங்கள்’. அந்த ‘எடுங்கள்’ ஆங்கிலத்தில் ‘டேக்’ என்று சொல்வதை அப்படியே தமிழில் போட்டது. புளோக் குழுவுக்கு எழுதி ‘இளைப்பாறும் இடம்’ என்று மாற்றச் சொல்லப் போகிறேன். இங்கே சொல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

சொல்வேட்டை:

அம்மா மேல் மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி.

ஓய்தல் பற்றித் தொல்காப்பியமே பேசுகிறது. சொல்லதிகாரம், உரியியல்: “ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.” இருந்த ஒன்று குறைந்து மெலிவதை இந்த நான்கு சொல்லும் சொல்லும் என்று பொருள். ஓய்தலுக்கு உரைகாரர்கள் காட்டும் மேற்கோள் கலித்தொகையில் வருகிற யானை: “வேனில் உழந்த வறிது உயங்கு ஓய்களிறு.” கோடையில் வாடி, நடக்க மாட்டாமல், கானல் நீரைத் தண்ணீர் என்று நம்பி ஆசைப்படுகிற யானை. ஆக, ஓய்தலுக்குள் தளர்ச்சி இருக்கிறது என்பது உங்கள் அம்மாவின் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது. இதை மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் அழகு என்று சொல்கிற ‘இளைப்பாறு’ எங்கிருந்து வந்தது? இளை என்றாலும் மெலிதல்தான். “பிள்ளை இளைச்சுப் போச்சு” என்கிறோமே, அதே இளை. மூச்சு வாங்குவதற்கும் இளைப்பு என்றுதான் பெயர். ஆக இரண்டு சொல்லும் புறப்பட்ட இடம் ஒன்றே. ஒன்றைத் தாழ்த்தி இன்னொன்றைத் தூக்க மூலத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது.

‘எடு’ விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகவே முடியாது. பசி எடுக்கிறது, வாந்தி எடுத்தான், ஓட்டம் எடுத்தான், பிச்சை எடுத்தான், அவதாரம் எடுத்தார். இவையெல்லாம் ஆங்கிலேயர் வந்து கற்றுக்கொடுத்ததா? பெயர்ச்சொல்லோடு எடு சேர்த்து வினையாக்குவது நம் பழைய பழக்கம்.

தோ பாயோ வாசி:

ஐயா, இளைப்பு மெலிவு என்பது சரி. அதோடு ஒரு ‘ஆறு’ ஒட்டியிருக்கிறதே! இளைப்பு ஆறுகிறது. புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. ‘ஆறுவது சினம்’ என்று ஔவை பிள்ளைகளுக்குச் சொன்ன ஆறுதானே இது. நோயையும் சொல்லி அது தீர்வதையும் சொல்கிற சொல் அது. ஓய்வில் நோய் மட்டும் இருக்கிறது, தீர்வு எங்கே?

‘எடு’ பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதை விட்டுவிடுகிறேன்.

பாசிர் ரிஸ் அக்கா:

இந்த ஆறு நம் ஊர்ப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது, கவனித்தீர்களா? காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறிட்டீங்களா?” என்றுதானே கேட்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மருமகள் முதல் நாள் என்னிடம் “என்ன அத்தை, பாட்டுல வர்ற மாதிரி பேசுறீங்க” என்றாள். இங்கேயும் மலேசியாவிலும் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சாதாரணச் சொல். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் இதைச் சொல்வார்கள். பசியும் ஒரு சூடு, அது ஆறவேண்டும்.

கோப்பிக்கடையில் தே தாரிக் போடுகிறவர் இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு இழுத்து இழுத்து ஊற்றுகிறாரே, மலாயில் அது இழுப்பது, தமிழில் அது ஆற்றுவது. ஆறு தானாக நடப்பது, ஆற்று நாம் செய்வது. டீ ஆத்துறது, மனசை ஆத்துறது, இளைப்பாத்துறது எல்லாம் ஒரே குடும்பம். இப்படி நாலு பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ள சொல்லைப் பலகையில் போட்டால் பிள்ளைகளுக்கும் புரியும். என் ஓட்டு தோ பாயோ வாசிக்கு.

ஆதித்தமிழ்:

நண்பர்களே, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்தியில் ஓய்வுக்கு ‘ஆராம்’ என்கிறார்களே, அது நம் ‘ஆர அமர’ என்பதிலிருந்து போனது. ஆர அமர, ஆரமர, ஆராம். ஒலியும் பொருளும் அப்படியே பொருந்துகின்றன. ஆறு என்ற நதிக்கும் அதே மூலம். வழிப்போக்கன் இளைப்பாறிய இடம் ஆறு. ஆற்றுப்படை என்று இலக்கிய வகையே இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் ஓய்வா இளைப்பாறலா என்று சண்டை போடுவதில் என்ன பயன்?

சொல்வேட்டை:

ஆதித்தமிழ், உங்கள் அன்பு புரிகிறது. தமிழ் மேல் அன்பு இருந்தால் இந்த மாதிரி வாதத்தைப் பொதுவில் வைக்கக்கூடாது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். பிள்ளை ஒருவன் இதைப் பள்ளியில் சொல்லித் தப்பென்று தெரிந்தால், அடுத்து நாம் சொல்லும் நிஜத்தையும் நம்பமாட்டான்.

ஆராம் பாரசீகச் சொல். அதன் உறவு வடமொழியில் ‘ரம்’ என்ற வேர், நிலைத்து நிற்றல், இன்புறுதல் என்ற பொருளில். வடமொழி ஆராமம் தமிழுக்குள்ளும் வந்திருக்கிறது, சோலை என்று பொருள். பௌத்த மடத்துக்குச் சங்காராமம் என்று பெயர் வந்ததும் அதனால். ஈரானிலும் இந்தியாவிலும் இத்தனை கிளைகளோடு நிற்கிற சொல்லுக்குத் தமிழில் ஒரு தொடரைச் சுருக்கி மூலம் காட்டவேண்டியதில்லை. நம் ‘ஆறு’ அண்டை மொழிகளில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ஆரு’ என்றால் தீ அணைதல், ஈரம் உலர்தல். மலையாளத்தில் ஆறுக, சூடு தணிதல். எல்லாவற்றிலும் ஒரு சூடோ ஈரமோ அடங்குகிறது. சும்மா சுகமாக இருப்பது என்ற பொருள் எங்கேயும் முதலில் இல்லை.

நதியாகிய ஆறு வேறு. ஆற்றுப்படையில் வரும் ஆறு வழி என்ற பொருளில் வருவது. பரிசு பெற்றுவந்த பாணன் எதிரே வருகிற பாணனுக்கு வழி காட்டி அனுப்புவதுதான் ஆற்றுப்படை. இளைப்பாறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படி நடந்துபோகிறவர்கள் மர நிழலில் தங்கி இளைப்பாறுவதைச் சங்கப் பாட்டுகள் ‘அசைஇ’ என்று சொல்கின்றன. அசை என்றால் தளர்தல், அசை என்றால் தங்கி இளைப்பாறுதல், இரண்டும் ஒரே சொல்லில். பாருங்கள், அங்கேயும் களைப்பும் ஓய்வும் பிரியாமல்தான் இருக்கின்றன. வடமொழியிலும் இதே கதைதான். சிரமம் என்றால் உழைப்பின் களைப்பு, முன்னால் ‘வி’ சேர்த்தால் விச்ராந்தி, அதாவது ஓய்வு. நம் தாத்தாக்கள் விருந்தாளியை “சிரம பரிகாரம் பண்ணிக்குங்க” என்று உபசரித்தது களைப்பைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லித்தான். களைப்பைச் சொல்லாமல் ஓய்வைச் சொல்லும் மொழி அபூர்வம் போலிருக்கிறது.

‘ஆர அமர’ என்று எழுதினீர்கள். நான் ‘ஆற அமர’ என்று வல்லினம் போட்டு எழுதுவேன். இரண்டும் புழங்குகின்றன. வயிறார, மனமார என்பதில் உள்ள ‘ஆர’ நிறைய என்ற பொருளில் வருவது. பரபரப்பு அடங்கி உட்கார்வதற்கு ‘ஆற’ தான் பொருத்தம் என்பது என் கருத்து.

ஆதித்தமிழ்:

நதி பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆற்றுப்படையை நான் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறேன். ‘ஆர அமர’ விஷயத்தில் இன்னும் உடன்படவில்லை. எங்கள் வீட்டில் “ஆர அமர சாப்பிடு” என்றால் நிறையச் சாப்பிடு, நிதானமாகச் சாப்பிடு, இரண்டும் சேர்ந்துதான். ர போட்டால்தான் அந்த நிறைவு வரும்.

யாழ்வழி:

எங்கள் அம்மம்மா வழி யாழ்ப்பாணம், நாங்கள் இங்கே மூன்று தலைமுறை. அங்கே பணி முடித்தவரை ‘இளைப்பாறிய ஆசிரியர்’, ‘இளைப்பாறிய அதிபர்’ (தலைமையாசிரியர்) என்று எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் மரண அறிவித்தலிலும் அப்படித்தான் போடுவார்கள். அம்மம்மா இங்கே தமிழ்ச் செய்தியில் ‘ஓய்வு பெற்ற’ என்று கேட்டால், “என்னத்தைப் பெற்றவர்?” என்று கேட்பார். இன்னொன்று, எங்கள் வீட்டில் “ஆறுதலா வாங்கோ” என்றால் அவசரப்படாமல் வாங்கோ என்று அர்த்தம். இங்கே ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது என்றுதான் என் கூட்டாளிகள் நினைக்கிறார்கள். ஒருமுறை தோழியின் அப்பாவிடம் “ஆறுதலா வாங்கோ அங்கிள்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ‘இளைப்பாறும் இடம்’ தான் பிடிக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் காது மாறும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஈசூன் தாதி:

நான் 37 வருஷம் மருத்துவமனையில் தாதியாக இருந்து வெளியே வந்தவள். எனக்கு ‘ஓய்வு பெற்றவர்’ என்ற பட்டம் கொடுத்த நாளை மறக்கமுடியாது. கேக் வெட்டினார்கள், வாழ்த்து அட்டையில் “இனிய ஓய்வு வாழ்வு” என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து சீருடையைத் தேய்க்க இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் ஞாபகம் வந்தது. அது சூடாகிக்கொண்டே இருந்தது. ஆஃப் பண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது ஓய்தல்தான், ஆறுதல் வர ஆறு மாதம் ஆயிற்று. ஆகையால் தோ பாயோ அம்மா சொன்னது எனக்கு மனசில் தைக்கிறது.

இங்கே ஓய்வு வயதே நகர்ந்துகொண்டு இருக்கிறது. 1999-இல் 62 ஆக்கினார்கள், 2022 ஜூலையில் 63, 2026 ஜூலை 1 முதல் 64. ஓய்வு வயதுக்குப் பிறகும் மறுவேலைக்கு அமர்த்தும் வயது வரம்பு அதே நாளிலிருந்து 69. அறுபத்தெட்டு வயதில் வேலைக்குப் போகிறவர் நிறைய நமக்கு நடுவில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஓய்ந்தவர்கள் என்று யார் சொல்வது?

சொல்வேட்டை:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுதவே முடியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு. ‘நாற்றம்’ என்ற சொல்லை எடுங்கள். “முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்” என்று வள்ளுவர் எழுதும்போது அது மொட்டுக்குள் இருக்கும் மணம். இன்றைக்கு யாரிடமாவது “உங்கள் மல்லிகை நாறுகிறது” என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் கீழே இறங்கியது, ‘ஓய்வு’ மேலே ஏறியிருக்கிறது. ஓய்களிறு என்ற யானையிலிருந்து ‘ஓய்வு நேரம்’, ‘ஓய்வறை’ வரைக்கும் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளை ‘ஓய்வு நேரத்தில் பந்து விளையாடுவேன்’ என்று கட்டுரை எழுதுகிறான். அவன் மனத்தில் தளர்ச்சி எங்கே இருக்கிறது? இரண்டு பேர் காதில் தளர்ச்சி விழுந்ததற்காக நூறு பேர் புழங்கும் சொல்லைத் தள்ளிவைக்கலாமா?

தோ பாயோ வாசி:

அந்தப் பெஞ்சில் உட்காரப் போவது பள்ளிப் பிள்ளை இல்லையே ஐயா. 80 வயதுக்காரர்கள். அவர்கள் காதுதான் எனக்கு முக்கியம்.

புதுகைத் தம்பி:

வணக்கம். நான் இங்கே கட்டுமான வேலை, ஒன்பது வருஷம். அண்ணன்மாரெல்லாம் பெரிய விஷயம் பேசுறீங்க, நான் வேலை செய்ற இடத்துல நடக்குறதைச் சொல்றேன்.

எங்களுக்கு ரெண்டும் ரெண்டு விதம். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சா, சிமெண்ட் மூட்டை அட்டையை விரிச்சு “கட்டையைச் சாய்க்கிறேன்”ன்னு சொல்வோம். அது கால் மணி நேரம். அப்புறம் வெயில் இருக்கே, 2023-க்குப் பிறகு சட்டம் வந்திருக்கு. சூடும் காத்துல ஈரமும் சேத்து அளக்குற கருவி ஒண்ணு சைட்டுல இருக்கும். அது 32 டிகிரியைத் தொட்டா, கனமான வேலை செய்றவங்களுக்கு மணிக்குப் பத்து நிமிஷமாவது நிறுத்தணும். 33 தொட்டா 15 நிமிஷம். கூடாரத்துக்குள்ள ஃபேன் முன்னாடி உக்காந்து, ஹெல்மெட்டைக் கழட்டி, தண்ணியைத் தலையில ஊத்தி, ஒடம்புச் சூடு இறங்குற வரைக்கும் இருப்போம். அக்கா சொன்ன ஆறுறது அதுதான், நிஜமாவே ஆறுறது. பூட்ஸைக் கழட்டினா உள்ளே இருந்து ஆவி வரும். அதை யாரும் ஓய்வுன்னு சொல்ல மாட்டோம். சூடு இறங்கினதும் மறுபடி கம்பி கட்டத்தான் போகணும்.

ஓய்வுன்னா எங்களுக்கு ஓய்வு நாள். வேலை நிக்கணும், முழு நாள். சட்டத்துல வாரத்துக்கு ஒரு நாள்னு இருக்கு, எங்களுக்குக் குடுக்குற தாள்ல தமிழ்ல ‘ஓய்வு நாள்’னு அச்சடிச்சிருக்கு. எங்க கூட இருக்குற ஒருத்தன், அந்தத் தாளை நாலா மடிச்சுப் பர்ஸ்ல வச்சிருக்கான். மடிப்புல எழுத்து அழிஞ்சுபோச்சு, ‘ஓய்வு’ மட்டும் தெரியுது. அதை ‘இளைப்பாறும் நாள்’னு மாத்தினா எனக்குச் சம்மதமில்லை. இளைப்பாறுறது வேலைக்கு நடுவுலயும் நடக்கும். “அதான் பத்து நிமிஷம் உக்காந்தியே”ன்னு சொல்லிடுவாங்க. ஓய்வுன்னா நிறுத்துறது. நிறுத்துனாத்தான் அது என் நாள்.

ஞாயித்துக்கிழமை தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, புல்லு மேல உக்காந்து ஊருக்கு வீடியோ கால் பேசுறோமே, அது ஓய்வு.

ஈசூன் தாதி:

தம்பி, நீ சொன்னது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இதேதான். 2013 ஜனவரியிலிருந்து வாரம் ஒரு ஓய்வு நாள் என்று வந்தது, ஆனால் பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்க வழி இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது பணத்தால் ஈடுகட்ட முடியாத ஓய்வு நாளாக இருக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் ‘குழந்தையைப் பார்த்துக்கொண்டே அப்படியே ரெஸ்ட் எடுத்துக்கொள்’ என்று ஞாயிறுகளில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருக்கிறது. அது இளைப்பாறலாகக்கூட இருக்கலாம். ஓய்வு இல்லை.

பாசிர் ரிஸ் அக்கா:

இதைப் படித்ததும் வேதாகமம் ஞாபகம் வந்தது. நான் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. யாத்திராகமத்தில் “ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக” என்று இருக்கும். மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்” என்று வரும். ஏழாம் நாளுக்கு ஓய்வு, சுமை தூக்கி வந்தவனுக்கு இளைப்பாறுதல். இந்த இரண்டு இடத்திலும் மொழிபெயர்த்தவர்கள் இரண்டு சொல்லையும் கலக்கவில்லை. எபிரேயத்தில் ஷபாத் என்ற சொல்லுக்கே நிறுத்துதல் என்றுதான் பொருள் என்று எங்கள் போதகர் சொல்லியிருக்கிறார். புதுகைத் தம்பி கூடாரத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த வித்தியாசம் அதேதான்.

அதனால் என் ஓட்டைக் கொஞ்சம் திருத்துகிறேன். ஓய்வு கெட்ட சொல் என்று தோ பாயோ வாசி சொன்னதை ஏற்கமுடியாது. பெஞ்சுக்குப் பொருந்தாத சொல் என்றால் ஏற்கிறேன்.

சொல்வேட்டை:

நான் எங்கே வழுக்கினேன் என்று இப்போது தெரிகிறது. மூலம் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எழுதிவிட்டேன். அப்படி இல்லை. மெலிவில் தொடங்கி ஓய்தல் ‘நின்றுபோதல்’ பக்கம் போனது, அதனால் ‘ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்’ என்று ஒழிவோடு ஜோடி சேர்ந்தது. இளைப்பு ஆறுதலோடு ஜோடி சேர்ந்து ‘தணிதல்’ பக்கம் போனது. தம்பியின் “கட்டையைச் சாய்க்கிறேன்” இன்னும் சுவையானது. தொல்காப்பியம் சொன்ன நான்கில் கடைசிச் சொல் ‘சாஅய்’, மெலிதல். இன்றைய சாய்வதும் அதுவும் ஒன்றுதான் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஒலி ஒத்துப்போவதை வைத்து ஆதித்தமிழைக் கண்டித்தவன் நான், அதே தப்பைச் செய்யமாட்டேன். அருகருகே வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் தோ பாயோ வாசிக்கு ஒரு கேள்வி. மார்க்கெட்டிலிருந்து வருகிறவர் உட்கார்ந்தால் இளைப்பாறல், சரி. காலையிலிருந்து மாலைவரை சும்மா வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு? அவர்களுக்கு எந்த இளைப்பும் இல்லை, பேச ஆள் வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அந்த இடத்துக்கு இளைப்பாறும் இடம் என்று பெயர் வைத்தால், ‘நான் களைத்துப்போய் வரவில்லையே’ என்று இன்னொரு அம்மா லிஃப்ட்டுக்குப் போகமாட்டாரா?

யாழ்வழி:

அப்படியென்றால் ‘திண்ணை’. வழிப்போக்கனும் உட்காரலாம், வீட்டுக்காரரும் உட்காரலாம், களைத்தவரும் களைக்காதவரும். ஏன் உட்கார்ந்தாய் என்று திண்ணையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆதித்தமிழ்:

திண்ணைக்கு என் முழு ஆதரவு.

சொல்வேட்டை:

திண்ணை அழகுதான், எனக்கும் ஆசை வருகிறது. ஆனால் வாய்ட் டெக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் திண்ணை என்றால் படம் வரைந்து காட்டவேண்டும். அதுவுமில்லாமல் மற்ற மூன்று மொழியிலும் ஓய்வு என்ற பொருளில் எழுதியிருக்கும்போது தமிழில் மட்டும் வேறாக இருந்தால், மொழிபெயர்ப்புப் பார்க்கிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எது நடக்குமோ அதைக் கேளுங்கள்.

தோ பாயோ வாசி:

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கலித்தொகை யானை வந்த இடத்தில் “பாவம்” என்றார். புதுகைத் தம்பி எழுதியதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். “அந்தப் புள்ள சொல்றது சரிதான், அவங்களுக்கு ஓய்வு வேணும். எனக்கு ஓய்வு வேணாம், மூச்சு வாங்குனா உக்கார இடம் வேணும்” என்றார். திண்ணையைச் சொன்னதும் சிரித்தார், “திண்ணைன்னா வெத்தலை இடிக்க உரல் வேணும்” என்றார்.

சொல்வேட்டை ஐயா கேட்ட கேள்விக்கு எனக்கு முழுப் பதில் இல்லை. ஓய்வு மட்டமான சொல் என்ற தொனியில் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தம்பி, உங்கள் தாளில் அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். எங்கள் தூணுக்கு மட்டும் ‘இளைப்பாறும் இடம்’ கேட்டு இன்று குழுவுக்கு எழுதுகிறேன். காரணமாக இரண்டே வரி: பெஞ்சு போட்டது நடந்து வருகிறவர்களுக்கு, அவர்கள் உட்கார்ந்து எழுந்து மறுபடி நடக்கப் போகிறவர்கள்.

புதுகைத் தம்பி:

நன்றி அண்ணே. அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க. பெஞ்சுக்கு முதுகு சாய கட்டை இருக்கா? இல்லேன்னா அதையும் சேத்து எழுதுங்க. சாய முடியலைன்னா எந்தப் பேரு வச்சும் இளைப்பு ஆறாது.

சொல்வேட்டை:

தம்பி சொன்னதை முதல் வரியில் போடுங்கள், பெயர் இரண்டாவதாக வரட்டும். என் கருத்து இன்னும் மாறவில்லை, ‘ஓய்விடம்’ பிழையான சொல் இல்லை. ஆனாலும் எழுதுவதென்று முடிவு செய்துவிட்டதால், அச்சுக்குப் போகும் முன் படத்தை இங்கே போடுங்கள். இளைப்பாறும் என்பதற்கு வல்லின ற. கணினியில் ‘இளைப்பாரும்’ என்று விழுந்துவிட்டால், பலகை மாட்டிய பிறகு மாற்ற இன்னொரு வருஷம் ஆகும்.

தோ பாயோ வாசி:

இல்லை தம்பி, சாய கட்டை இல்லை. இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு பெஞ்சிலும் இல்லை. அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.